மேலே அனுப்பப்பட்டார்

எங்கள் வீட்டில் டீ வேண்டுமென்றால் என் மாமனார் சாதாரணமாகக் கேட்க மாட்டார். முன்னறை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, செய்தித்தாளைச் சுருட்டி வாயருகே பிடித்து, "அடுப்படி, அடுப்படி, மாடி பேசுறேன். கேக்குதா? ஒரு டீ, சர்க்கரை கம்மி. ஓவர்" என்பார். இத்தனைக்கும் எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

சமையலறையிலிருந்து பதில் வராது. டீ மட்டும் வரும். அத்தை டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம்தான் பதில். கல்யாணமாகி வந்த புதிதில் இதை நான் புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்றே நினைத்தேன். ஒரு பக்கம் மட்டும் ஆடுகிற விளையாட்டு அது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஊரில் மாமாவுக்குப் பெயர் 'மைக்'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது. பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்துவிட்டு வந்து, ஓய்வு பெறும்வரை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்தவர். எட்டுக் கட்டைக் குரல். வண்டி எந்த நடைமேடை என்று சொல்வதோடு நிறுத்த மாட்டார். "கிழக்கே போற கடைசி வண்டி கிளம்புது. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் பேசினது போதும், வண்டியில ஏறுங்க" என்பார். அதிகாரிகள் எத்தனையோ முறை கண்டித்துப் பார்த்தார்கள். பயணிகள்தான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. வேலை போய்விடும் என்று பயந்து, பணிக்காலம் முழுக்க அதை ஒருவருக்கும் தெரியாமல் ஒப்பேற்றிவிட்டார். யாருடன் பேசினாலும் அவர்களை இடப்பக்கம் வைத்துக்கொள்வார். பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வீட்டுக்கு வெளியே காதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

போர்க்கதை ஒன்று உண்டு. அதை அவர் பெருமைக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்டால் சொல்வார். மலையடிவாரத்து முகாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, குன்றின் உச்சியில் இருந்த ஆபரேட்டருக்குக் காய்ச்சல் என்று, சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி, பெட்டியை முதுகில் கட்டி மேலே அனுப்பினார்கள். உச்சியிலிருந்து பார்த்து, நம் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று கீழே இருக்கிற பீரங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எதிரி ஒட்டுக்கேட்டாலும் புரியக்கூடாது என்பதற்காக எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெயர். உச்சிக்கு மாடி. பீரங்கி நிற்கும் இடத்துக்கு அடுப்படி. குண்டு இலக்குக்கு முன்னால் விழுந்தால் உப்புக் கம்மி, தாண்டி விழுந்தால் உப்புக் கூட. பக்கத்தில் இருந்த அதிகாரி முதல் நாளே இறந்துபோனார். மாற்று ஆட்கள் ஏறி வரும்வரை மாமா தனியாக உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் போரில் எதிரியின் குண்டுவீச்சில் நின்றவர்களுக்கெல்லாம் களமுனைப் பதக்கம் கொடுத்தார்கள். மாமாவுக்கு வரவில்லை. அப்போதே கேட்டு எழுதியிருக்கிறார். 'மேற்படி நாட்களில் தாங்கள் தலைமையகப் பணியில் இருந்தபடியால் பதக்கத்துக்குத் தகுதியில்லை' என்று பதில் வந்தது. எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு முறை எழுதிவிட்டு ஓய்ந்துபோனார்.

அந்தப் பதிலை மறக்காத ஆள் ஒருவர் இருந்தார். அத்தையின் தம்பி. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி விற்கிறவர் என்பதால் பேச்சிலும் அதைத்தான் அடிப்பார். நாலு பேர் கூடிவிட்டால் போதும், "எங்க மச்சான் போரையே திசை திருப்பினவரு. எப்படி? ஹெட் ஆபீஸ்ல ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு" என்பார். கூட்டம் சிரிக்கும்.

சென்ற ஆண்டு என் மகளின் பிறந்தநாள் விருந்திலும் அதே நகைச்சுவை அரங்கேறியது. இந்த முறை கையில் வாடகை மைக் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. கேக் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டே அத்தையைப் பார்த்தேன். அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மாமாவிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் மாமா நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீங்க? நாலு வார்த்தை திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சண்டை வரும்மா. சண்டை வந்தா உங்க அத்தை தம்பி பக்கம் நிக்கிறதா, புருஷன் பக்கம் நிக்கிறதான்னு முழிப்பா. அவளை எதுக்கு அங்க கொண்டுபோய் நிறுத்தணும்?"

"அத்தை உங்களை நம்புறாங்கதானே?"

செய்தித்தாளைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "நான் கேட்டதே இல்லம்மா. கேட்டா பதில் வந்துடுமே."

ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிற மனுஷன் இதை மட்டும் அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பதக்கம் எனக்குப் பெரிய விஷயமில்லை, தகரமும் துணியும்தான். இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்காமல் இவர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று பட்டது. அன்றைக்கே மனு எழுதினேன். காதைப் பற்றி ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "காது எதுக்கு? அது என் சொந்த விஷயம்" என்று மறுத்துவிட்டார்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கிறுக்கல் எழுத்தையும் கிறுக்குப் பிடித்த மனிதர்களையும் சமாளித்துப் பழக்கம் உண்டு. ஆனாலும் படைவீரர் ஆவண அலுவலகம் என் பொறுமைக்குச் சவாலாகத்தான் இருந்தது. நீளமான ஒற்றை அறை, சணல் கயிறு கட்டிய கோப்புகள், கதவு மூடாத இரும்பு அலமாரிகள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த எழுத்தர் ஒருவர் எனக்கு வாய்த்தார். பழைய பதிவேட்டில் மாமாவின் பக்கத்தின் நகல் கேட்டிருந்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"மேலே போயிருக்கும்மா."

மூன்றாவது முறை நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். ஒட்டடைதான் இருந்தது.

"மேலேன்னா எங்க சார்? இந்தக் கட்டடத்துக்கு மாடியே காணோமே."

"மேலேன்னா மேலிடத்துக்கும்மா. ஆபீஸ்ல மேலேன்னா அதுதானே அர்த்தம்? புதுசா கேக்கறீங்க" என்று அலுத்துக்கொண்டார்.

போன நகல் ஒருவழியாகக் கீழே இறங்கி வந்தது. கவுன்டரிலேயே நின்று படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மாமாவின் பெயர், எண், தேதி, அப்புறம் ஒரே வரி. 'வயர்லெஸ் பணிக்காக மேலே அனுப்பப்பட்டார்.'

எனக்குச் சட்டென்று உறைத்தது. நகலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சார், இதை எழுதினது யாரு?"

"பட்டாளத்துக் கம்பெனி எழுத்தரா இருப்பாரு. எங்களை மாதிரி ஒருத்தர்."

"அவர் எங்க உக்காந்து எழுதியிருப்பாரு?"

"முகாம்லதான். மலையடிவாரத்துல கூடாரம் போட்டிருப்பாங்க."

"அடிவாரத்துல உக்காந்துக்கிட்டு ஒருத்தரை மேலே அனுப்பினோம்னு எழுதினா, என்ன சார் அர்த்தம்?"

எழுத்தர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். கழற்றினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். மறுபடி மாட்டினார்.

"அட ஆமாம்மா" என்றார். "கூடாரத்துல இருந்தவன் மலையைச் சொல்லியிருக்கான். ஆபீஸ்ல இருந்தவன் மேலிடம்னு படிச்சிருக்கான். தலைமையகம்னு முடிவு கட்டிட்டான்."

ஒரே ஒரு சொல். அதை எழுதியவன் ஆபீஸை நினைக்கவில்லை, படித்தவன் மலையை நினைக்கவில்லை. நடுவில் ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கப் புளுகன் பட்டம் சுமந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலமாரிகள் அத்தனையையும் சாய்த்திருப்பேன். எழுத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா எனக்குப் புரிஞ்சா பத்தாது. விசாரணை அதிகாரி நம்பணும். இவரு மலை மேலதான் இருந்தாருன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

வீட்டுக்கு வந்து நகலை மாமாவிடம் நீட்டினேன். அவர் அந்த வரியைத் தன் அறிவிப்புக் குரலிலேயே படித்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"மேலே அனுப்பப்பட்டாராம்! ஆள் செத்துட்டான்னுகூடப் படிச்சிருக்கலாம்மா. பென்ஷனை நிறுத்தாம விட்டானே, அதுவரைக்கும் புண்ணியவான்."

சாட்சி என்றதும் சிரிப்பு நின்றது. மேலே அவரைப் பார்த்தவர்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. கீழே அடுப்படியில் பதில் சொன்ன ஆபரேட்டர் ஒருவன் இருந்தான். ஆனால் அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகமும் தெரியாது. போர் முடிந்ததும் பீரங்கிப் பிரிவை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

"குரல் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும் மறக்காது."

கைபேசியை அவர் முன்னால் நீட்டினேன். "அப்ப அவருக்கும் உங்க குரல் மறந்திருக்காது. பேசுங்க."

மைக் என்று பெயர் வாங்கியவர் அன்றைக்கு இரண்டு தடவை இருமிவிட்டு, "அடுப்படி, அடுப்படி, மாடி பேசுறேன். கேக்குதா?" என்று மட்டும் சொன்னார். அதுவே போதும் என்று முன்னாள் படைவீரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்து இன்னொரு குழு, இன்னொரு ஊர் என்று அது போய்க்கொண்டே இருந்தது. பதிலுக்கு வந்ததெல்லாம் காலை வணக்கப் பூக்கள்தான். யாரோ ஒருவர் மட்டும், அடுப்பு ரிப்பேர் செய்யப்படும் என்று தன் கடை எண்ணை அனுப்பியிருந்தார். விஷயம் அவ்வளவுதான், கிணற்றில் போட்ட கல் என்று நான் கைகழுவப் பார்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் கடையில் இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். குரல் செய்தி. காதில் வைத்தேன்.

"மாடி, மாடி, அடுப்படி பேசுறேன். நல்லா கேக்குது. யோவ், எங்கய்யா போய்த் தொலைஞ்ச இவ்வளவு காலமா?"

வாடிக்கையாளரிடம் எந்த மருந்தைக் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. நல்லவேளையாக, அவர் பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மூக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு.

இப்போது எழுத்தர்தான் என்னைவிடப் பரபரப்பாக இருந்தார். "ரெண்டு பேரையும் விசாரணை வரைக்கும் பேசிக்க விடாதீங்கம்மா. பேசினா, சொல்லிக்கொடுத்து வந்ததுன்னு ஆயிடும்" என்று கறாராகச் சொன்னார். மாமாவின் வாயைக் கட்டுவது லேசான காரியமா? எண் கையில் இருக்கிறது, பேச ஆசை கழுத்துவரைக்கும் இருக்கிறது. அவருடைய கைபேசியை நான் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டே போனேன். அவர் பொறுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் பேசாமல் இருந்தது அந்த நாட்களில்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விசாரணைக்கு நானும் மாமாவும் கிளம்பினோம். அத்தை வரவில்லை. ஆனால் மாமாவின் சட்டையை அவரே இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். மாமாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாட்சியை மட்டும் முதலில் கூப்பிட்டார். மனுவை எழுதியவள் என்பதால் என்னை உள்ளே இருக்கவிட்டார். அடுப்படிக்காரர் இன்னொரு வாசல் வழியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தார். இருசக்கர வண்டி பழுதுபார்க்கிறவர். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"மனுதாரரை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்கம்மா. இன்னைக்குவரைக்கும் பார்த்ததில்ல."

"பார்க்காதவருக்கு எப்படி சாட்சி சொல்றீங்க?"

"கேட்டிருக்கேன்ல."

"குரல் மாதிரி குரல் இருக்கும். மாடி, அடுப்படியெல்லாம் அந்தப் படையில இருந்த யாருக்கும் தெரிஞ்சிருக்கும். இவரு முகாம்ல உக்காந்துக்கூட அந்தக் கதையைக் கேட்டிருக்கலாமே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுப்படிக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஒரு விஷயம் இருக்கும்மா. ரெண்டாம் நாள் காலையில உப்புக் கம்மின்னு சொல்லிக்கிட்டே இருந்தவன், பெரிய சத்தம் ஒண்ணு கேட்டுச்சு, அதோட நின்னுட்டான். நாங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். பதில் இல்ல. செத்துட்டான்னு நெனச்சு எங்க ஆள் ஒருத்தன் அழவே ஆரம்பிச்சுட்டான். அப்புறம் வந்தான். 'அடுப்படி, எனக்கு வலது காது போயிடுச்சு. இடது காதுக்கு மாத்திட்டேன். இனிமே சத்தமா சொல்லு. உப்பு இன்னும் கம்மிதான்' அப்படின்னான். எங்க எல்லாருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துடுச்சு. அந்த ஆளுதான் இவருன்னா, இவருக்கு வலது காது கேக்காது. கேட்டுச்சுன்னா, ஆளு இவரில்ல. நான் திரும்பிப் போறேன்."

அதிகாரி மனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். காது என்ற சொல்லே அதில் இல்லை. என்னைப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டு, மாமாவை உள்ளே அனுப்பச் சொன்னார்.

மாமா உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார். அதிகாரி பின்னாலிருந்து அவருடைய வலப்பக்கமாக வந்து, "உக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னார். மாமா நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, அதே குரலில் மறுபடி, "உக்காருங்க ஐயா" என்றார்.

"நன்றிங்கம்மா" என்று மாமா உட்கார்ந்தார்.

அவ்வளவுதான் விசாரணை. அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் அங்கேயே அழுதேன், இந்த முறை மூக்கடைப்பு என்றெல்லாம் சொல்லவில்லை.

அடுப்படிக்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு குள்ளமாய்யா நீ? குரலைக் கேட்டு ஆறடி இருப்பேன்னு நெனச்சேன்."

"நீ மட்டும் என்ன? அந்த அதட்டல் அதட்டுவ. மீசையாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாமா. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விட மனமில்லாமல் அப்படியே வாசல்வரைக்கும் நடந்தார்கள்.

பதிவேடு திருத்தப்பட்டு, பதக்கத்தோடு புதிய நகலும் சில மாதங்களில் பதிவுத் தபாலில் வந்தது. அன்று சாயங்காலம் கேள்விப்பட்டு ஹார்டுவேர் கடைக்காரரும் வந்தார். பதக்கத்தை வாங்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஏன் மச்சான், இதையெல்லாம் முன்னாடியே எங்ககிட்ட சொல்லக்கூடாதா?" என்றார். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகலைப் படித்தார், சமையலறைவரை கேட்கிற மாதிரி. "வயர்லெஸ் பணிக்காக, குன்றின் உச்சிக்கு அனுப்பப்பட்டார். எதிரியின் குண்டுவீச்சில் செவித்திறன் இழந்த பின்னும் பணியைத் தொடர்ந்தார்." படித்து முடித்துத் தாளை மடித்து வைத்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

கை பழக்கத்தில் செய்தித்தாளை எடுத்துச் சுருட்டியது. மச்சினன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவர் இதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அடுப்படி, அடுப்படி, மாடி பேசுறேன். கேக்குதா?"

அத்தை சமையலறை வாசலுக்கு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"மாடி, மாடி, அடுப்படி பேசுறேன். எப்பவுமே நல்லாத்தாங்க கேட்டுது. சொல்லுங்க."

மாமாவுக்கு அது தெளிவாகவே கேட்டிருக்கும். ஆனாலும் இடது காதை அத்தை பக்கம் திருப்பிக்கொண்டு, "அடுப்படி, சரியாக் கேக்கல. இன்னொரு தடவை" என்றார்.

அத்தை இன்னொரு தடவை சொன்னார்.